மரைத்துளையின் இடத்தை அளக்கும்போது எண் எங்கே பொய் சொல்கிறது

ரத்மலானையில் ஒரு பட்டறை செய்து அனுப்பிய அலுமினியப் பிளேட். அதிலுள்ள எம்8 மரைத்துளைக்கு (8 மி.மீ. போல்ட்டுக்கானது) அங்குள்ள சி.எம்.எம். (நுனிக் குண்டால் தொட்டு இடத்தை அளக்கும் மெசின்) பொசிஷன், அதாவது மையம் விலகிய தூரத்தின் இரட்டிப்பு, 0.11 மி.மீ. என்று காட்டியிருக்கும். அதே பிளேட்டைப் பியகமவில் வாங்கியவர் அளந்தால் 0.21 வரும். டொலரன்ஸ் (அனுமதித்த எல்லை) 0.2. இரண்டு மெசினுக்கும் கலிபரேஷன் சான்றிதழ் இருக்கும், இரண்டு பக்கமும் வேலை தெரிந்த ஆட்கள்தான். இந்த மாதிரிச் சண்டைகளில் பல தடவை பிளேட்டில் குற்றமே இருக்காது. மரையின் எந்தப் பகுதியை யார் தொட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கும்.

ட்ரோயிங்கில் வேறு குறிப்பு இல்லையென்றால், மரைத்துளையின் பொசிஷன் டொலரன்ஸ் பிட்ச் விட்டத்தின், அதாவது மரைப்பல்லும் பள்ளமும் சம அகலமாக இருக்கும் நடு விட்டத்தின், அச்சுக்கு உரியது. அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.எம்.இ. வை14.5 சொல்வதும் இதுதான், சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 1101 சொல்வதும் இதுதான். பெரிய விட்டத்தையோ (பள்ளத்தின் அடி) சிறிய விட்டத்தையோ (முகடு) பார்க்க வேண்டுமென்றால் வரைந்தவர் அதைத் தனியாக எழுதியிருக்க வேண்டும். போல்ட் இறுகும்போது மரையின் சரிவுகளில்தான் உட்காருகிறது. முகட்டிலும் பள்ளத்தின் அடியிலும் இடைவெளி இருக்கும். ஆகவே நாம் தேடுவது போல்ட் எங்கே நிற்கும் என்பதை. ட்ரில் எங்கே இறங்கியது என்பது வேறு கேள்வி.

"அண்ணே, டேப் போட முன்னம் அளந்து பார்த்தனான், ஓட்டை சரியாத்தான் இருந்தது" என்று மெசின்காரர் சொல்வது வழக்கம். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது 6.8 மி.மீ. ட்ரில் துளைக்கு மட்டும் சாட்சி. மரையை வெட்டுவது அதன் பிறகு இறங்கும் டேப். ரிஜிட் டேப்பிங்கில் (டேப்பை மெசினே மரைக்கு ஏற்றபடி சுழற்றி இறக்குவது) டேப் அநேகமாகத் துளையைப் பின்தொடரும் என்பதால் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். கையால் டேப் போட்ட துளைக்கு அது பொருந்தாது. த்ரெட் மில்லால் (துளையைச் சுற்றி வந்து மரை வெட்டும் டூல்) வெட்டிய மரைக்குச் சுத்தமாகப் பொருந்தாது. அங்கே முகடு ட்ரில் விட்ட மிச்சம், சரிவு த்ரெட் மில்லின் வேலை. இரண்டு டூலுக்கும் இரண்டு ஓஃப்செட் (மெசினில் கொடுக்கும் இடத் திருத்தம்). முகட்டை அளந்து விட்டு மரையை அளந்தேன் என்று சொன்னால் அடுத்தவர் செய்த வேலைக்கு மார்க் போட்ட மாதிரிதான். வெட்டாமல் அமுக்கி மரை ஆக்கும் ஃபோர்மிங் டேப் போட்ட துளையில் இன்னொரு தொல்லை. எம்8க்கு அதன் ட்ரில் சுமார் 7.4 மி.மீ. உலோகம் பிதுங்கி மேலே ஏறித்தான் முகடு உருவாகும். அது முழுதாக மூடாமல் நடுவில் சிறு பிளவு நிற்கும். அதை ஒரு சின்னக் குண்டால் தொட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண்தான் கிடைக்கும்.

சி.எம்.எம்.மில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

எம்8×1.25 துளை (1.25 என்பது பிட்ச், ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைத்தூரம்), 6.8 ட்ரில், 2 மி.மீ. ரூபி குண்டு. ஒரே உயரத்தில் நின்று நான்கு திசையிலும் நான்கு புள்ளி எடுக்கிறோம். மரை சுழன்று இறங்குவதால் ஒரு பக்கம் குண்டு முகட்டில் முட்டினால், எதிர்ப் பக்கம் சரியாக அரைப் பிட்ச் தள்ளி, பள்ளத்தின் வாயில் போய் நிற்கும். அந்த வாயின் அகலம் ஏறத்தாழ 0.85 மி.மீ. குண்டு முழுவதும் உள்ளே போகாது, இரண்டு விளிம்பிலும் தங்கிக்கொண்டு 0.095 மி.மீ. அமிழும். அதில் பாதி, அதாவது 0.047, மையம் ஒரு பக்கம் நகர்ந்ததாகப் பதிவாகும். பொசிஷன் கணக்கில் நகர்வை இரண்டால் பெருக்குகிறோம். எனவே மிகச் சரியான இடத்தில் இருக்கும் துளைக்குக்கூட 0.095 என்று ரிப்போர்ட் வரலாம். டொலரன்ஸ் 0.2 என்றால் அதில் பாதியை அளவெடுத்த முறையே தின்றுவிட்டது. துளையில் உண்மையாகவே பிழை இருந்தால் இது அதோடு கூடவும் செய்யும், கழியவும் செய்யும். கழிந்தால்தான் ஆபத்து. கெட்ட துளை பாஸாகிப் போய்விடும்.

சின்னக் குண்டு போட்டால் திருத்தமாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே உயரத்தில் அளக்கும்போது கதை தலைகீழ். 1 மி.மீ. குண்டு பள்ளத்துக்குள் 0.24 வரை இறங்கிவிடும். 4 மி.மீ. குண்டு 0.046தான் இறங்கும். எனவே மரை சுற்றும் வழியே போக முடியாத பழைய மெசினென்றால், துளைக்குள் போகக்கூடிய ஆகப் பெரிய குண்டைப் போடுங்கள். ஆனால் அது முகட்டைத்தான் அளக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

சரியான வழி, குண்டையும் மரையோடு சேர்த்து நகர்த்துவது. நான்கு புள்ளி என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் பிட்ச்சில் கால்வாசி, அதாவது 0.3125 மி.மீ., உயரம் மாற வேண்டும். அநேகமான சோஃப்ட்வெயரில் வட்டத்துக்கோ சிலிண்டருக்கோ பிட்ச் என்றொரு கட்டம் இருக்கும். அதில் 1.25 போட்டால் மெசினே கணக்கைப் பார்த்துக்கொள்ளும். வலப்புரி மரை என்றால், மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகப் போகும்போது குண்டு மேலே ஏற வேண்டும். இந்தத் திசையை மாற்றிப் போட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். எதிரெதிர்ப் புள்ளிகள் ஒரு முழுப் பிட்ச் வித்தியாசத்தில் வந்து ஒரே நிலையில் தொடும். மையம் சரியாகவே வரும், வட்டம் மட்டும் முட்டை மாதிரி இருக்கும். பொசிஷன் நன்றாக இருந்து வட்டத்தன்மை 0.1 அளவில் கெட்டுப் போயிருந்தால், துளையைத் திட்ட முன்னம் பிட்ச்சின் பிளஸ் மைனஸைப் பாருங்கள்.

பிட்ச் கட்டமே இல்லாத மெசினிலும் தப்ப வழி உண்டு. ஒரே உயரத்தில் ஒரு வட்டம் எடுங்கள். அரைப் பிட்ச், அதாவது 0.625 மி.மீ., கீழே இன்னொரு வட்டம் அதே திசைகளில் எடுங்கள். முதல் வட்டத்தில் மையம் எந்தப் பக்கம் தள்ளப்பட்டதோ, இரண்டாவதில் அதற்கு நேர் எதிரே அதே அளவு தள்ளப்படும். இரண்டு மையத்தின் சராசரியில் அந்தப் பொய் அழிந்துவிடும். முதல் ஒன்றரைப் பிட்ச் வாயில் விளிம்பைச் சாய்த்து வெட்டிய சேம்ஃபராலும் அரைகுறை மரையாலும் கெட்டிருக்கும் என்பதால், மேலிருந்து 2.5 மி.மீ. இறங்கிய பிறகே முதல் வட்டம். குருட்டுத் துளையின் (மறு பக்கம் திறவாதது) அடியில் டேப் முழுதாக வெட்டாத இரண்டு மூன்று மரையையும் விட்டுவிடுங்கள்.

அளக்க முன்னம் துளை கழுவப்பட்டிருக்க வேண்டும். குருட்டுத் துளையில் கூலன்டும் சீவலும் அடியில் தேங்கி நிற்கும். காற்றடித்தால் மட்டும் போதாது. நைலோன் பிரஷ், பிறகு காற்று, பிறகு கோ கேஜ் (மரை சரியென்றால் தடையின்றித் திருகி இறங்க வேண்டிய அளவி). கோ கேஜ் போகாத துளைக்குப் பொசிஷன் பார்ப்பது வீண் வேலை.

விஷன் மெசினில், புரொஜெக்டரில் மேலிருந்து பார்த்து மரைத்துளையின் மையம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். மேல் விளக்கில் கண்ணுக்குப் படுவது அநேகமாகச் சேம்ஃபரின் விளிம்பு. அது வேறொரு டூல் வெட்டியது, அதன் மையம் மரையின் மையமாக இருக்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. ஊடுதுளைக்குக் கீழ் விளக்குப் போட்டால் முகடுகளின் நிழல் கிடைக்கும். அது சிறிய விட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லும், அவ்வளவுதான். வேர்னியர் கலிப்பரின் தாடையை மரைக்குள் விட்டு இரண்டு துளைக்கு இடைத்தூரம் எடுப்பதைப் பற்றி எழுதவே தேவையில்லை.

சி.எம்.எம். இல்லாத இடத்தில், ஏன் இருக்கும் இடத்திலும், நாங்கள் அதிகம் நம்புவது மரைப் பின்னைத்தான். ஒரு முனையில் மரை, மறு முனையில் கிரைண்ட் செய்த உருளை. துளைக்குள் திருகினால் உருளை வெளியே நிற்கும். அதன் அச்சு எங்கேயோ அங்கேதான் போல்ட்டும் நிற்கும். தொட வேண்டியது வழவழப்பான உருளை என்பதால் குண்டின் தொல்லை இல்லை.

போல்ட்டையே பின்னாக வைக்கலாமே என்று கேட்பார்கள். பழைய சோனகத் தெருவில் வாங்கும் 6ஜி (போல்ட் மரையின் டொலரன்ஸ் வகுப்பு) எம்8 போல்ட்டின் பிட்ச் விட்டம் 7.042 முதல் 7.160 வரை இருக்கலாம். 6எச் வகுப்புத் துளையினுடையது 7.188 முதல் 7.348 வரை. ஆகக் கூடிய இடைவெளி 0.306 மி.மீ. தண்டும் மரையும் ஒரே மையத்தில் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 0.2 டொலரன்ஸைப் பார்க்க 0.3 ஆடும் கருவி எதற்கு? போல்ட்டில் குழாய் மூட்டுக்குச் சுற்றும் பி.டி.எஃப்.இ. நாடாவைச் சுற்றி ஆட்டத்தை நிறுத்துகிறவர்களும் உண்டு. ஆட்டம் நிற்கும், ஆனால் நாடாவின் நுனி ஏறிய பக்கம் போல்ட்டைத் தள்ளிவிடும். 1 மி.மீ. டொலரன்ஸ் உள்ள கவருக்கு அது போதும். அதற்கு மேல் வேண்டாம்.

கடையில் கிடைப்பதில் நல்லவை இரண்டு வகை. மரை இலேசாகக் கூம்பி, விரலால் திருகும்போதே இறுகுவது ஒன்று. நடுவில் பிளந்து, உள்ளிருந்து விரிவது மற்றது. வாங்க வசதி இல்லையென்றால் லேத்தில் செய்யலாம். எம்8க்கு நான்கு பின் செய்யுங்கள், பிட்ச் விட்டம் 7.20, 7.24, 7.28, 7.32. மரை நீளம் 10 மி.மீ., உருளை 8 மி.மீ. விட்டம், 25 மி.மீ. நீளம். மரையும் உருளையும் ஒரே செட்டிங்கில், இரண்டு சென்டருக்கு நடுவே வெட்ட வேண்டும். சக்கில் திருப்பிப் பிடித்தால் அங்கேயே 0.05 போய்விடும். துளைக்குள் விரலால் போகக்கூடிய ஆகப் பெரிய பின்னை எடுத்தால் மிச்ச ஆட்டம் 0.04க்கு உள்ளே.

உருளைக்கும் மரைக்கும் நடுவில் தோள் வைக்க வேண்டாம். தோள் பிளேட்டின் முகத்தில் முட்டி இறுகினால் பின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கப் பார்க்கும், மரையின் சாய்வை மறைத்துவிடும். அதே காரணத்துக்காக ஸ்பானரும் வேண்டாம்.

பின்னில் உருளைக்கும் மரைக்கும் மைய வித்தியாசம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஒரு தடவை அளந்து, பின்னை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அளந்து சராசரி எடுங்கள். உயரம் 0.625 மாறும், உருளை என்பதால் அது பாதிக்காது. இரண்டு வாசிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பின்னின் பெட்டியிலேயே எழுதி வையுங்கள். ஒரு நாள் அது திடீரென்று கூடினால் யாரோ பின்னைக் கீழே போட்டிருக்கிறார்கள்.

சர்ஃபேஸ் பிளேட்டில் (மட்டமான அளவு மேசை) அளக்கும் முறை இது. பிளேட்டை ஆங்கிள் பிளேட்டில் கிளாம்ப் செய்து டேட்டம் B முகத்தை (ட்ரோயிங்கில் அளவு தொடங்கும் முகங்களில் ஒன்று) கீழே வையுங்கள். துளை டேட்டத்திலிருந்து 45.000 இருக்க வேண்டும், பின்னின் உருளையை மைக்ரோமீட்டரில் பார்த்தால் 7.998 என்று வைத்துக்கொள்வோம். அதன் பாதி 3.999. எனவே கேஜ் பிளாக் (திருத்தமான அளவுக் கட்டைகள்) அடுக்கு 48.999. ஹைட் கேஜில் பூட்டிய லீவர் டயலை அந்த அடுக்கின் மேல் பூச்சியமாக்கி, பின்னின் உச்சியில் ஓட்டி ஆக உயர்ந்த வாசிப்பை எடுங்கள். அதுதான் ஒரு திசைப் பிழை. பிறகு பிளேட்டை 90 பாகை திருப்பி டேட்டம் C முகத்தில் நிறுத்தி மற்றத் திசையை எடுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துளை கிடையாக இருப்பதால் பின் தன் பாரத்தில் எப்போதும் கீழே சாயும். உச்சியில் டயல் நிற்கும்போது பின்னை ஒரு விரலால் மெல்ல மேலே தூக்குங்கள், விடுங்கள். முள் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு ஆட்டம். 0.02க்கு உள்ளே என்றால் நடு வாசிப்பை எடுக்கலாம். கூட என்றால் அடுத்த பெரிய பின். இந்த விரல் சோதனையைச் செய்யாதவர்களின் ரிப்போர்ட்டில் எல்லாத் துளையும் ஒரே பக்கம், கீழே தள்ளியிருக்கும். அவர்கள் மெசினின் ஓஃப்செட்டை மாற்றி விடுவார்கள், அடுத்த லொட் நிஜமாகவே கெட்டுப் போகும்.

இப்போது சாய்வு. மரைத்துளை பிளேட்டின் முகத்தில் சரியான இடத்தில் இருந்தும் போல்ட் மற்றப் பாகத்தின் துளையில் முட்டலாம். போல்ட் முகத்தில் நின்றுவிடுவதில்லை, மேலே வரும் பாகத்தின் தடிப்பு முழுவதும் ஊடுருவிப் போகிறது. இதற்காகத்தான் ட்ரோயிங்கில் டொலரன்ஸ் எண்ணுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் "P" எழுத்தும் ஒரு உயரமும் போடுகிறார்கள். 12 என்றிருந்தால் டொலரன்ஸ் வலயம் முகத்திலிருந்து வெளியே 12 மி.மீ. வரை நிற்கிறது. உள்ளே அளந்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பின்னில் இரண்டு உயரத்தில் அளக்க வேண்டும். உதாரணமாக முகத்திலிருந்து 3 மி.மீ.யில் பிழை 0.04, 12 மி.மீ.யில் 0.13 என்று வந்தால், 9 மி.மீ.க்கு 0.09, மி.மீ.க்கு 0.01 சாய்வு. முகத்தில் பிழை 0.01தான். மற்றத் திசையில் பிழை இல்லையென்று வைத்தால் முகத்தில் பொசிஷன் 0.02, மேலே 12இல் 0.26. டொலரன்ஸ் 0.2. முகத்தை மட்டும் பார்த்தவருக்கு இது அழகான துளை, அசெம்பிளி செய்பவருக்குத் தலைவலி. சாய்வு அரைப் பாகையைச் சற்றே தாண்டுகிறது, கண்ணுக்குத் தெரியாது. கையால் டேப் போட்டால் இது சாதாரணமாக வரும்.

டொலரன்ஸ் ஏன் இவ்வளவு இறுக்கம் என்று கோபிக்க முன்னம் மேல் பாகத்தின் துளையைப் பாருங்கள். எம்8 போல்ட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 273 சொல்லும் நடுத்தரத் துளை 9 மி.மீ. இடைவெளி 1 மி.மீ. அதை இரண்டு பாகமும் பங்கு போட்டால் ஆளுக்கு 0.5. இறுக்கமான 8.4 துளை என்றால் ஆளுக்கு 0.2தான். டிசைன் செய்தவரிடம் 9 போடச் சொல்லிக் கேட்பது, பத்து ரிஜெக்டை மீண்டும் மீண்டும் அளப்பதை விட மலிவு.

கொழும்பின் சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். அளவுகள் எல்லாம் 20 பாகை செல்சியஸுக்கு. பட்டறையில் பகலில் 30 இருக்கும். அலுமினியம் ஒரு பாகைக்கு மீட்டருக்கு 23 மைக்ரோன் நீளும், உருக்கு 11.5. 300 மி.மீ. தள்ளியிருக்கும் துளையை அதே சூட்டில் உருக்குக் கேஜ் பிளாக்கோடு ஒப்பிட்டால், 10 பாகைக்கு வித்தியாசம் 0.035 மி.மீ. பொசிஷனில் 0.07. மெசினிலிருந்து இறக்கிய பிளேட்டை நேரே ஏ.சி. அறைக்குள் கொண்டுபோய் அளப்பது இன்னும் மோசம், அளந்துகொண்டிருக்கும்போதே அது சுருங்கும். உள்ளே கொண்டுபோய்ச் சர்ஃபேஸ் பிளேட்டின் மேலேயே இரண்டு மூன்று மணித்தியாலம் போட்டு வையுங்கள். மழைக் காலத்தில் குளிர்ந்த கேஜ் பிளாக்கை வெளியே எடுத்தால் ஈரம் படியும், ஒரே இரவில் துருப் புள்ளி வந்துவிடும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசி வைக்காத பின் செட் ஒரு வருடம் தாங்காது.

பிழையை எழுதும் முறையிலும் சண்டை வரும். ஒரு திசையில் 0.08, மற்றதில் 0.06 தள்ளியிருந்தால் மையம் நகர்ந்த தூரம் 0.10. பொசிஷன் அதன் இரட்டிப்பு, 0.20, ஏனென்றால் டொலரன்ஸ் வலயத்தை விட்டத்தால் சொல்கிறோம். இரண்டால் பெருக்காமல் 0.10 என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் இன்னும் சுற்றி வருகின்றன. பொசிஷன் எண்ணோடு இரண்டு திசைப் பிழையையும் பிளஸ் மைனஸோடு எழுதுங்கள். வெறும் 0.20ஐ வைத்துக்கொண்டு மெசின்காரர் எதைத் திருத்துவார்?

அந்தக் குறிகள் இருந்தால் நோயையும் கண்டுபிடிக்கலாம். எல்லாத் துளையும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளியிருந்தால் சந்தேகம் டேட்டத்தில். முகத்தில் பிசிறு, கிளாம்ப் அடியில் சீவல், அல்லது மெசினில் பூச்சியம் பிழை. துளைகள் ஒரு மையத்தைச் சுற்றித் திரும்பியிருந்தால் பிளேட் கோணலாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது, அளக்கும்போதா வெட்டும்போதா என்பதைப் பிளேட்டைக் கழற்றி மறுபடி வைத்து அளந்தால் தெரிந்துவிடும். டேட்டத்திலிருந்து தூரம் போகப் போகப் பிழை கூடிக்கொண்டே போனால் சூடு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் என்றால் ட்ரில் அலைகிறது, முதலில் மையக் குழி போடும் ஸ்பொட் ட்ரில் போட்டார்களா என்று கேளுங்கள். ஒரு துளை மட்டும் கெட்டிருந்தால் முதலில் அந்தத் துளையைத் திரும்பக் கழுவுங்கள்.

வாங்குபவருக்கு அனுப்பும் ரிப்போர்ட்டில் எண்ணுக்குக் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும்: மரைப் பின்னைக் கொண்டா, பிட்ச் வழியே குண்டாலா, முகட்டிலா, எந்த உயரத்தில், எத்தனை பாகை சூட்டில். முதலில் சொன்ன 0.11க்கும் 0.21க்கும் நடுவிலுள்ள சண்டையில் அந்த வரி இரண்டு பக்கமும் இருந்திருந்தால், பிளேட் ரத்மலானைக்கும் பியகமவுக்கும் லொறியில் போய் வந்திருக்காது.